தாழத் தொங்கிய கம்பியும் ஹேமலதாவும்

பள்ளிகொண்டாவைத் தாண்டி ஆற்றோரம் ஒரு காலனியில் ஹேமலதா குடியிருக்கிறாள். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை. மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் வரை அவளுக்கு ஒரு பயமும் தெரியாது. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கித் தன் தெருவுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நடப்பாள்.

ஐப்பசி மழையில் அந்தத் தெருவில் மின்கம்பி அறுந்து விழுந்தது. எதிர்வீட்டுச் சம்பூர்ணத்தின் கறவை மாடு அதை மிதித்துத் துடித்துச் செத்தது. அதைப் பார்க்க ஓடிய தன் மகள் நந்தினியை ஹேமலதா சடையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். அன்றிலிருந்து சுவிட்சைப் போடக்கூட அவள் கணவனைத்தான் கூப்பிட்டாள்.

மின்வாரிய ஆட்கள் வந்து, அறுந்த கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டுப் போனார்கள். கை தூக்கினால் எட்டும் உயரத்தில் அது தொங்கியது. மாட்டுக்கு நியாயம் கேட்டுச் சம்பூர்ணம் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் மனுப் போட்டாள். அதிலிருந்து பிடித்தது வேறு தொல்லை. புதுக் கம்பி கேட்டுப் போனால், “கேஸ் நடக்குதும்மா. ஆணையம் பாக்குற வரைக்கும் கம்பியத் தொடக் கூடாது” என்று மின்வாரிய அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். ஆணையம் இருந்தது சென்னையில். வாய்தாமேல் வாய்தா போய்க்கொண்டிருந்தது. காற்றடித்தால் ஹேமலதா நந்தினியைப் பள்ளிக்கே அனுப்பமாட்டாள்.

தை மாதம், ஆணையம் தன் விசாரணை விதிகளைத் திருத்தப்போகிறது, வேலூரில் மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்று செய்தி வந்தது. பேசுவதாகப் பெயர் கொடுத்திருந்த சம்பூர்ணம், அன்று காலையில் கலங்கிப்போய் வந்து நின்றாள்.

“நான் வர்லடி. எம்புள்ள கரண்ட்டாபீஸ்லதான் கான்ட்ராக்ட்ல வேலை செய்யறான். பேசினா வேலை போய்டும்னு காதுல போட்டுட்டாங்க. எனக்குப் பதிலா நீ போ.”

ஹேமலதாவின் கணவன் செல்வகுமார் தடுத்தான். “உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? நம்ம லைனப் புடுங்கிட்டா இன்னா பண்ணுவ?”

“புடுங்கினா இருட்டுல இருந்துக்கலாம். அது விழுந்தா?” என்றாள்.

வேலூரில் கூட்டம் நடந்த ஹாலில் வக்கீல்களும் கம்பெனிக்காரர்களும் இங்கிலீஷில் பேசினார்கள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சம்பூர்ணத்தின் பேரைக் கூப்பிட்டதும் ஹேமலதா எழுந்து போனாள். ஒருவர் மைக்கை நீட்ட, அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“புடிங்கம்மா.”

“வேணாம் சார். கரண்டுன்னா பயம்.”

ஹால் முழுக்கச் சிரிப்பு. மேடை நடுவில் இருந்த ஆணையத் தலைவர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “மைக் வேணாம். அப்படியே பேசுங்க” என்றார்.

மனப்பாடம் செய்துவந்தது எல்லாம் மறந்துபோனது.

“எங்க தெருவுல ஒரு கம்பி தொங்குதும்மா. கேஸ் முடியட்டும்ன்றாங்க. எத்தினி வருஷம் வேணாலும் ஆவட்டும். ஆனா கேஸ் நடக்குறது கம்பிக்குத் தெரியாதும்மா. எம்பொண்ணு அதுக்குக் கீழதான் ஸ்கூலுக்குப் போறா. மொதல்ல கம்பிய மாத்திட்டு அப்புறமா விசாரிங்க. விதியில அப்டி ஒண்ணு எழுதுங்க.”

பக்கத்திலிருந்த அதிகாரி, “இப்ப இருக்கற விதியில அதுக்கு இடமில்லைங்க மேடம்” என்றார்.

“அதுக்குத்தானே இங்க வந்திருக்கோம்” என்றார் அந்த அம்மா.

அதற்குமேல் ஹேமலதா அங்கே நிற்கவில்லை. பஸ் விரிஞ்சிபுரம் தாண்டுவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள்.

பிறகு வந்த நாட்கள் அதைவிட மோசம். ஒரு சாயங்காலம் வீட்டில் கரண்ட் போனது. “நம்மளுக்கு மட்டும்தான் போச்சா பாரு” என்று செல்வகுமாரை வெளியே விரட்டினாள். தெருவே இருட்டாகக் கிடக்கிறது என்று அவன் வந்து சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

பங்குனியில் புது விதி வந்தது. உயிருக்கு ஆபத்து என்று புகார் வந்தால், சாட்சிக்குப் படம் எடுத்து வைத்துக்கொண்டு உடனே சரிசெய்ய வேண்டும், விசாரணை அதற்குப் பிறகு. சம்பூர்ணத்தின் மகன் செய்தியைப் படித்துச் சொன்னான். ஹேமலதா நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வேன் வந்து வாசலில் நின்றது. செல்வகுமார் கறிக்கடைக்குப் போயிருந்தான். லைனைப் பிடுங்கத்தான் வந்துவிட்டார்கள் என்று ஹேமலதா கதவைத் தாழ்போட்டாள். நந்தினியைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் ஒடுங்கினாள். கதவைத் தட்டினார்கள். மறுபடியும் தட்டினார்கள்.

“யம்மா, புதுக் கம்பி இழுக்கறோம். துணி காயுது பாருங்க, வந்து எடுத்துக்குங்க.”

அவள் மெல்ல வெளியே வந்து, ஈரத்துணிகளை மார்போடு அணைத்தபடி, புதுக் கம்பி மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் தானாக வழிந்தது.

சம்பூர்ணத்தின் வழக்கு இன்னும் நடக்கிறது. போன வாரம் பக்கத்துத் தெருப் பெண்கள் வந்து, தங்கள் டிரான்ஸ்பார்மருக்காக அடுத்த கூட்டத்தில் பேசச் சொல்லி ஹேமலதாவைக் கேட்டார்கள்.

“ஐயோ, என்னால ஆவாது. போன தடவையே பஸ்ஸுல ரெண்டு வாட்டி வாந்தி எடுத்தேன்” என்றாள். அவர்கள் கிளம்பும்போது கேட்டாள்: “எப்ப வெச்சிருக்காங்க?”