மாமா உருட்டாத பந்து

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். கடிதம் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லை. எழுதத் துணிந்தது பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன கிழமை மகள் தன் ஆங்கிலப் புத்தகத்தைக் காட்டி, "அம்மா, பந்தை உருட்டிவிடுறது எண்டால் ஒரு வேலையைத் தொடக்கிவைக்கிறதாம்" என்றாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த ஒரு வசனத்துக்காகச் சிறுவயதில் ஒரு காலைப்பொழுது முழுவதும் வயல் வரம்பில் நின்று காய்ந்தவள் நான்.

அப்பா இறந்து இரண்டாம் வருடம். விசுவமடுவில் எங்கள் வயலில் முதல் பிடி நெல்லை ஓர் ஆண் நல்ல நேரத்தில் எறிய வேண்டும். பிறகுதான் மற்றவர்கள் விதைக்கலாம். கணவனை இழந்த அம்மா அதைத் தொடக்கூடாது. ஆகவே எறிய வேண்டியவர் அம்மாவின் தம்பி, என் மாமா. முந்தின வருடமும் அவர்தான் எறிந்தார். அந்தப் பயிரை வெள்ளம் கொண்டுபோயிற்று. மாமாவுக்குக் கைராசி இல்லை என்று ஊர் பழித்தது.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு இராகுகாலம். முளைவிட்ட நெல் சாக்குக்குள் சூடேறிக்கொண்டிருந்தது. இன்னொரு நாள் வைத்தால் அவிந்துவிடும். மாமாவோ நெல் நிறைந்த பனையோலைக் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூலிக்கு வந்தவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தார்.

"இங்கிலீசில இதைப் பந்தை உருட்டிவிடுறது எண்டு சொல்லுவாங்கள். கூட்டத்தில எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருக்கேக்க ஒருத்தன் முதல் கேள்வி கேட்டால், அவன்தான் உருட்டினவன். பிறகு மற்றவையும் கதைப்பினம். வேலை முடிஞ்சாப்பிறகு அப்பிடிச் சொல்லக்கூடாது."

"தொடங்காட்டியும் சொல்லக்கூடாதோ, தம்பி?" என்றார் கூலிக்கு வந்த கிழவர்.

பத்தேகால். மாமா சேற்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கூட்டுறவுச் சங்கக்கடைக் கூட்டத்தை இன்னோர் உதாரணமாக எடுத்தார்.

"உன்ர இங்கிலீசுக்கு நெல்லு முளைக்காதடா!" அம்மா சேற்றில் இறங்கினார். கடகத்தில் ஒரு பிடி அள்ளி வீசி எறிந்தார்.

மாமா கடகத்தைப் பின்னுக்கு இழுத்தார்.

"ஐயோ அக்கா, நீங்கள் எறியலாமோ!"

"பந்து உருண்டிட்டுது. இனி நீ விதை."

மாமா கண்ணைத் துடைத்துத் துடைத்து விதைத்தார். ஏச்சுக்குப் பயந்து அழுகிறார் என்று நான் சிரித்தேன். இனிப் பயிர் போனாலும் பழி அவருடைய கைக்கு வராது, அம்மாவின் கைக்குத்தான் வரும் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் வயலில் குருவிகள் இறங்கின. கலைக்க என்னை அனுப்பினார்கள்.