ஆறுதலாக வாங்கோ

போன சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு ரீவியில் ஒரு பாதிரியார் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டிருந்தார். வெளியே ஒரு கிழவி அவருக்குத் தேநீர் ஊற்றிவிட்டு, ஆளைக் காணவில்லையே என்று தேடிக்கொண்டிருந்தாள். நான் சோபாவில் புரண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் என்றால் எனக்குப் பைத்தியம். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு சோபா, ஒரு கேத்தில், தப்பான நேரத்தில் தட்டப்படும் ஒரு கதவு... வேறென்ன வேண்டும்? கதவைச் சாத்தினால் செட்டின் சுவர் ஆடும். யாரென்றே தெரியாத ஒரு கூட்டம் எங்கிருந்தோ சிரிக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்குப் பாதி அலுப்புப் போய்விடும்.

என் கணவருக்கு அறவே பிடிக்காது. அவர் எலக்ட்ரீஷியன். வயர் எங்கே அறுந்தது என்று பார்க்க வேண்டும், ஒட்ட வேண்டும், விளக்கு எரிய வேண்டும்.

"உதென்ன விசர்க் கதை? என்ன நடந்தது எண்டு ஆரும் ஒரு கேள்வி கேட்டால் ரெண்டு நிமிசத்திலை முடிஞ்சுது" என்பார்.

கேட்க மாட்டார்கள் ஐயா! அதுதானே விஷயம்? மரியாதை தடுக்கும். வெள்ளைக்காரன் வீடு பற்றி எரிந்தாலும் 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்றுதான் தொடங்குவான். நோர்வேக்காரர் அப்படியில்லை, மனதில் பட்டதை வாசலிலேயே கேட்டுவிடுவார்கள். இங்கே அப்படி ஒரு தொடர் எடுத்தால் தேநீர் கொதிப்பதற்கு முன்பே கதை முடிந்துவிடும்.

சரி, அன்று நடந்ததற்கு வருகிறேன்.

என் மகள் அபிரா வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரில் படிக்கிறாள். அவளுக்கு ஒரு காதல். பையன் பெயர் கார்த்திக், கோயம்புத்தூர்க்காரன், ஒஸ்லோவில் சொஃப்ட்வெயர் வேலை. தங்கமான பிள்ளை. அவனுடைய அப்பா செல்வராஜும் அம்மா மல்லிகாவும் மகனைப் பார்க்க இங்கே வந்திருந்தார்கள். அவர்களுக்குத்தான் இந்தக் கலியாணத்தில் இஷ்டமில்லை. சாதகம் பொருந்தவில்லையாம். நாங்கள் பேசுவதே புரியவில்லையாம். அபிரா போனில் அழாத நாளில்லை.

சனிக்கிழமை ஒஸ்லோ ஓரத்தில் வெஸ்ட்லியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து நேரிலேயே முடிவைச் சொல்வதாக ஏற்பாடு. கார்த்திக், அபிராவை அழைத்துக்கொண்டு ரயிலில் வந்துகொண்டிருந்தான். காலையில் மல்லிகா வட்ஸ்அப்பில் கேட்டார்: "நாலு மணிக்கு வரலாமுங்களா?"

நான் பதில் எழுதினேன்: "இவருக்கு ரெண்டு நாளாய் ஏலாமல் கிடந்தது. நேற்றோடை எல்லாம் முடிஞ்சுது. நீங்கள் ஆறுதலாக வாங்கோ."

யாழ்ப்பாணத்தார் யாராவது இதில் ஒரு பிழை கண்டுபிடியுங்கள் பார்ப்போம்? கணவருக்குக் காய்ச்சல் இருந்தது, நேற்றுடன் விட்டுவிட்டது, அவசரப்படாமல் மெதுவாக வாருங்கள். அவ்வளவுதான். ஆனால் கோயம்புத்தூரில் 'ஆறுதல்' என்றால் துக்க வீட்டில் சொல்வது. 'எல்லாம் முடிஞ்சுது' என்பதற்குப் பிறகு 'ஆறுதலாக வாங்கோ' என்று வந்தால் அவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்? எனக்கு இது பிறகுதான் தெரியும். இப்போதே உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிரிட்டிஷ் தொடரின் முதல் விதியே அதுதான் – பார்க்கிறவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

நாலு மணிக்கு முன்பே மணி அடித்தது. கதவைத் திறந்தேன். செல்வராஜ் குளிர் ஜாக்கெட்டுக்குக் கீழே வெள்ளை வேட்டியில் நின்றார். மல்லிகாவின் தலையில் பூ இல்லை. கையில் பச்சை இலைகளால் கட்டிய ஒரு பெரிய வளையம். நவம்பர் கடைசியல்லவா, எங்கள் மாடியில் பாதிக் கதவுகளில் நத்தார் வளையம், அதுதான் கிறிஸ்மஸ் வளையம், தொங்குகிறது. வந்து சில வாரத்திலேயே இந்த ஊர் வழக்கத்தைப் பிடித்துவிட்டார்களே என்று எனக்கு ஒரே சந்தோஷம். வாங்கி அந்த இடத்திலேயே வாசற்கதவில் மாட்டிவிட்டு, "வடிவாய் இருக்கு, என்ன?" என்றேன்.

மல்லிகா பொங்கிப் பொங்கி அழுதார். இளகிய மனசு போல என்று எண்ணிக்கொண்டேன்.

"உள்ளை வாங்கோ. இவர் அறைக்குள்ளை கிடக்கிறார். பாக்கப் போறியளோ?"

செல்வராஜ் ஓரடி பின்னால் நகர்ந்தார். "அப்பறமா பாத்துக்கறோமுங்க. குளிப்பாட்டியாச்சுங்களா?"

என்ன கேள்வி இது? ஆனால் காய்ச்சல்காரரைப் பற்றி அவர்கள் ஊரில் இப்படித்தான் விசாரிப்பார்களாக்கும். "ஓம், காலமை நான்தான் சுடுதண்ணி வாத்து விட்டனான்."

ரீவியில் கூட்டம் கொல்லென்று சிரித்தது. நிறுத்தலாமென்றால் ரிமோட், செல்வராஜ் உட்கார்ந்த இடத்தில், அவருக்குக் கீழே. சம்பந்தியாகப் போகிறவரை – போகிறாரோ இல்லையோ – கொஞ்சம் எழும்புங்கோ என்று எப்படிச் சொல்வது?

"எப்பங்க எடுக்கறீங்க?" செல்வராஜ் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

போட்டோவைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "பிள்ளையள் வரட்டும். எல்லாரும் வரிசையாய் நிண்டு சிரிச்சுக்கொண்டு எடுப்பம்."

மறுபடியும் சிரிப்பு. மல்லிகா ரீவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கணவரின் காதில் ஏதோ சொன்னார். 'இந்த ஊர்ல சத்தம் போட்டு அழக் கூடாதாம்' என்பது மட்டும் எனக்கு அரைகுறையாகக் கேட்டது.

"அபிராவுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இல்லை. பயணத்திலை வாற பிள்ளை. வீணாய் ஏன் பயப்படுத்துவான்?"

"நாங்களும் கார்த்திக்கிட்ட சொல்லலைங்க. நேர்ல வந்து தெரிஞ்சுக்கட்டும்."

மகனிடமே சொல்ல முடியாத பதில் என்றால் அது என்ன பதில்? ரோல்ஸும் பற்றிஸும் தேநீரும் கொண்டுவந்து வைத்தேன். இரண்டு பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "வேண்டாமுங்க. இங்க சாப்பிடக் கூடாதுங்க."

பெண் வீட்டுக்கு வந்தவர்கள் வாயில் ஒன்றும் வைக்க மாட்டோம் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். ஏன் என்று நான் ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. என் பிள்ளை ஆசையோடு ரயிலில் வந்துகொண்டிருக்கிறாள், வந்து இறங்கியதும் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நினைத்ததும் அடக்க முடியவில்லை. தட்டை வைத்துவிட்டு விம்மி விம்மி அழுதேன். ரீவியில் சிரிப்பு கூரையைப் பிய்த்தது.

செல்வராஜ் எழுந்து நின்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"அழுகாதீங்கம்மா. நேத்து வரைக்கும் வேண்டாம்னு சொல்லத்தான் இருந்தோம். இனி அப்படி விட்ர முடியுமுங்களா? அபிரா இனிமே எங்க பொண்ணு. இந்தக் கல்யாணத்த நான் நடத்தி வெக்கறேன். இது என் வாக்குங்க."

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. கண்ணைத் துடைத்தேன், அறைப் பக்கம் திரும்பினேன், அடித்தொண்டையால் கத்தினேன்.

"இஞ்சேருங்கோ! கெதியா எழும்பி வாங்கோ! சம்மதமாம்!"

மல்லிகா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாராம், பாவம். அப்போது அறைக் கதவு திறந்தது.

என் கணவர் வெளியே வந்தார். வெள்ளை வேட்டி. நெற்றி நிறையத் திருநீறு. காய்ச்சலோடு வந்த காதுவலிக்காக இரண்டு காதிலும் பஞ்சு.

செல்வராஜ் போட்ட சத்தம் இரண்டு ஸ்டேஷன் தள்ளி ரொம்மன் வரை கேட்டிருக்கும். மனிதர் சோபா மேல் ஏறி நின்றார். ரிமோட் கீழே விழுந்து, ரீவி தானாக நின்றது. என் கணவர் பஞ்சைப் பிடுங்கிவிட்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன நடந்தது? ஆர் செத்தது?"

அவர் சொன்னதுபோல ஒரே ஒரு கேள்வி. இரண்டு நிமிடத்தில் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. இதை ஒப்புக்கொள்வதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"முடிஞ்சுதுன்னீங்களே?" என்றார் செல்வராஜ், சோபாவிலிருந்து இறங்கியபடி.

"காய்ச்சல் முடிஞ்சுது."

"ஆறுதலா வாங்கன்னீங்களே?"

"மெதுவாய் வாங்கோ எண்டனான்."

அவர் முகம் சிவந்துவிட்டது. வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "அப்படின்னா... நான் குடுத்த வாக்கு... அது வந்துங்க..." என்று இழுத்தார். அவர் கணக்கில் நியாயம் இருந்தது. அப்பா இல்லாத பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு. அப்பாவோ எதிரே நின்று தும்மிக்கொண்டிருக்கிறார்.

மல்லிகாதான் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க, வாக்குன்னா வாக்குதானுங்க. மனுசன் உயிரோட இருக்காருங்கறதுக்காக மாத்த முடியுமா?"

சொல்லிவிட்டுத் தட்டிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்து ஒரு கடி கடித்தார். காரம் கண்ணில் நீரை வரவழைத்தது. ஆனாலும் முழுவதையும் சாப்பிட்டு முடித்து, கணவருக்கும் ஒன்றை எடுத்து நீட்டினார். செல்வராஜ் அதை வாங்கிக்கொண்டார்.

கலியாணம் கோடை விடுமுறையில். என் கணவர் இந்தக் குடும்பத்துக்காக எவ்வளவோ பாடுபட்டிருக்கிறார், நான் இல்லையென்று சொல்லவில்லை – ஆனால் அரை மணி நேரம் செத்துக் கிடந்ததுபோல ஒரு உபகாரம் இதுவரை செய்ததில்லை.