அவசரப்பட்டு நான் சொன்ன சாட்சியும் என் மகள் ஷீலாவின் மூச்சும்

என் மகள் ஷீலாவுக்கு அப்போது நாலு வயது. 1989 நவம்பர். பம்மலில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்ற மழை. பிள்ளைக்கு வந்தது சாதாரணச் சளி என்றுதான் நினைத்தேன். கற்பூரவல்லியைப் பிழிந்து கொடுத்தேன், நெஞ்சில் தைலம் தேய்த்தேன். மூன்றாம் நாள் காலையில் அவள் மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. பால் வேண்டாம், சோறு வேண்டாம். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவே சலித்துக்கொண்டாள். 

தோல் தொழிற்சாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர் தேவராஜ், டிபன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தூக்கினார். தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குழந்தைகள் வார்டு டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "நிமோனியா. கிருமியால வந்தது. ஊசி போட்டா கேக்கும், தைரியமா இருங்க" என்றார். தைரியமாவது ஒன்றாவது! கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பொருத்தனை செய்தேன். ஆண்டவரே, என் பிள்ளையைப் பிழைக்க வையும், வருகிற ஞாயிறே சபை நடுவில் எழுந்து நீர் செய்ததைச் சாட்சியாகச் சொல்கிறேன் என்றேன்.

மூன்று நாள் ஊசியில் காய்ச்சல் இறங்கியது. சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா ஒரு பாட்டில் மருந்தைக் கையில் கொடுத்து, "இன்னும் ஒரு வாரம் வேளை தவறாம குடுங்க. நல்லாயிட்ட மாதிரி தெரியும், நடுவுல நிறுத்திடாதீங்க. ஜுரம் திரும்பினா உடனே கொண்டாந்துடணும்" என்று சொன்னார். நானும் பெரிய புத்திசாலி மாதிரி தலையை ஆட்டினேன்.

என் வாயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சின்ன வயதிலிருந்தே அது என்னைவிட இரண்டு அடி முன்னால் ஓடும். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்தேன். நடந்ததைச் சொன்னேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். எல்லோரும் என்னையே பார்த்து ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றதும் தலை கால் புரியவில்லை. "வீட்டில் மருந்து இருக்கிறது. இனி அதில் ஒரு சொட்டுகூடக் கொடுக்க மாட்டேன். என் ஆண்டவர் பாதி வேலை செய்கிறவர் அல்ல!" என்று சொல்லிவிட்டேன். சபையே கை தட்டியது.

வீட்டுக்கு வரும் வழியில் கணவர் மெதுவாகக் கேட்டார். "எஸ்தர், டாக்டரு ஒரு வாரம் குடுக்கச் சொன்னாங்களே. முடிச்சுட்டு சாட்சி சொல்லியிருந்தா ஆண்டவர் கோச்சுக்குவாரா?"

"உங்களுக்கு விசுவாசம் பத்தலைங்க" என்று ஒரே போடாகப் போட்டேன். பாவம், மனிதர் குடையைப் பிரித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிள்ளையின் உடம்பு சுட்டது. மருந்து பாட்டிலைக் கையில் எடுத்தேன். சபைக்கு முன்னால் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. திரும்ப வைத்துவிட்டேன். கணவர் வேலையிலிருந்து வந்து கேட்டபோது, "தூங்குறா, எழுப்பாதீங்க" என்றேன். மறுநாள் சபையிலிருந்து இரண்டு சகோதரிகள் பிஸ்கட் பாக்கெட்டோடு பிள்ளையைப் பார்க்க வந்தார்கள். நான் வாசலை மறித்துக்கொண்டு, "நல்லா இருக்காக்கா, இப்பதான் தூங்க வெச்சேன்" என்றேன். உள்ளே அவள் முனகுவது அவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று சத்தமாகப் பேசினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

வியாழக்கிழமை மதியம் ஷீலா ஒருக்களித்துப் படுத்து, "இங்க குத்துதும்மா" என்று வலப்பக்க விலாவைத் தொட்டாள். மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. உதடு கறுத்திருந்தது.

முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, நான் சொன்ன சாட்சி பொய்யாய்ப் போகக் கூடாது" என்று அழுதேன். அந்த வார்த்தை என் காதிலேயே விழுந்தது. சீ என்று ஆகிவிட்டது. பெற்ற பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறது, நான் என் பேருக்காக அழுதுகொண்டிருக்கிறேன்! "என் மானம் போகட்டும் ஆண்டவரே. சபை சிரிக்கட்டும். எனக்கு என் பிள்ளை வேண்டும். எனக்கு எழுந்திருக்கக்கூடத் தெம்பில்லை, யாரையாவது அனுப்பும்" என்று கதறினேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா வந்து நின்றார்.

"இன்னாம்மே இது! புள்ள இப்டி இளைக்குது, செவுத்துக்கு அந்தாண்ட எனுக்கே கேக்குது. நீ இன்னாடான்னா குந்திகினு அழுதுகினு கீறே?"

"மருந்த நிறுத்திட்டேன்க்கா."

"அத்த அப்பால பேசிக்கலாம். தூக்கு புள்ளைய!"

நான் கூப்பிட்டது என் ஆண்டவரை. அவர் அனுப்பியது, ஆடி மாதம் தெருவுக்கே கூழ் ஊற்றுகிற கன்னியம்மா அக்காவை. இதில் எனக்கு இன்றுவரை ஒரு சந்தேகமும் இல்லை. அந்தத் தண்ணீரில் குடையைப் பிள்ளைக்குப் பிடித்து, தான் நனைந்துகொண்டே மெயின் ரோடுவரை வந்தார். வர மாட்டேன் என்ற ஆட்டோவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "போறதுன்னா என் மேல ஏத்திகினு போ!" என்றார். ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டார்.

அதே டாக்டரம்மாதான் இருந்தார். "மருந்து முழுசாக் குடுத்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல என் நாக்கு ஒரு கணம் துடித்தது.

"இல்ல டாக்டர். ஞாயித்துக்கிழமையே நிறுத்திட்டேன்."

அவர் முகம் சிவந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "இதையாவது மறைக்காம சொன்னீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. என் பிள்ளையின் விலாவில் குழாய் போட்டு அதை எடுத்தார்கள். மூக்கில் ஆக்சிஜன், கையில் டிரிப்ஸ். "ரெண்டு நாள் போகட்டும், அப்புறம்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டரம்மா.

கணவர் தொழிற்சாலையிலிருந்து அப்படியே ஓடிவந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் செத்திருப்பேன். சொல்லவில்லை. வார்டில் அத்தனை பேர் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து ஜெபித்தோம். பொருத்தனை இல்லை, பெரிய வார்த்தைகள் இல்லை. அவளைக் கொடும், அந்த டாக்டரின் கையை ஆசீர்வதியும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மதியம் அடுத்த கட்டில் குழந்தை பன் தின்றுகொண்டிருந்தது. ஷீலா அதையே பார்த்தாள். "எனுக்கும்மா" என்றாள். ஐயோ, அந்த ஒரு வார்த்தைக்கு நான் அழுத அழுகை! நர்ஸம்மா ஓடிவந்து என்ன ஆச்சோ என்று பயந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தோம். இந்த முறை கடைசிச் சொட்டு வரைக்கும் மருந்து கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் மறுபடியும் எழுந்தேன். மருந்தை நிறுத்தியது, காய்ச்சலை மறைத்தது, வாசலில் நின்று பொய் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. இனி இந்தச் சபையில் யார் என் முகத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்தபடி உட்கார்ந்தேன்.

அப்போது பெண்கள் பக்கத்தின் கடைசியில், குரோம்பேட்டையிலிருந்து புதிதாக வந்துகொண்டிருந்த ஒரு சகோதரி அழுதுகொண்டே எழுந்தார்.

"அக்கா, அன்னிக்கு நீங்க சொன்னதக் கேட்டுட்டு நானும் என் பையனோட வலிப்பு மாத்திரைய நிறுத்திட்டேன். நேத்து ரெண்டு வாட்டி வந்துடுச்சு. இங்க வந்து எப்படிச் சொல்றதுன்னு வெக்கமா இருந்துச்சு."

என் வாய் என் பிள்ளையோடு நிற்கவில்லை, இன்னொருத்தி பிள்ளை வரைக்கும் போயிருக்கிறது! ஆராதனை முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. பாஸ்டர் ஐயாவே எழுந்து, "நீங்க கிளம்புங்கம்மா, நாங்க இங்க ஜெபிக்கிறோம்" என்றார். அவர் பக்கத்தில் பாயில் படுத்திருந்த அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு நானும் அந்தச் சகோதரியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அன்றைக்கே மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள்.

ஏழு வருஷம் ஆகிவிட்டது. ஷீலா ஆறாம் வகுப்பு படிக்கிறாள், என்னைப் போலவே வாயாடி. அந்தப் பையனும் நன்றாக இருக்கிறான். என் ஜெபத்துக்கு ஆண்டவர் இரண்டு பிள்ளைகளைப் பதிலாகக் கொடுத்தார். நான் கேட்டது ஒன்றுதான்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கலாம். யாருக்காவது சொன்ன வார்த்தை உங்களைக் கட்டிப்போட்டிருக்கலாம். வெட்கப்படாதீர்கள். நம்முடைய ஆண்டவருக்கு நம் கௌரவம் தேவையில்லை, பிள்ளைதான் தேவை. ஜெபம் பண்ணுங்கள். பண்ணிக்கொண்டே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வழியிலும் அவர் கேட்பார்.