ஒரு போன், இரண்டு விரல்

திண்டிவனத்தில் எனக்கும் என் மனைவிக்கும் ஆறு மாத இடைவெளியில் சர்க்கரை வந்தது. "மாலை மாத்தினீங்க, இப்ப மாத்திரை மாத்திக்கினு கெடக்கிறீங்க" என்பார் டீக்கடைக்காரர்.

விழுப்புரத்தில் இருக்கும் மகள் என் போனில் சர்க்கரை ஆப் ஒன்றை ஏற்றி, விரலில் குத்திப் பார்க்கும் மிஷினும் வாங்கித் தந்தாள். வரும் எண்ணை ஆப்பில் போட வேண்டும். தின்றதையும் சொல்ல வேண்டும். அதன் பட்டியலில் கேப்பைக் கூழ் கிடையாது. ஓட்ஸ் என்று தட்டினேன். மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, எதைத் தட்டினேனோ, நினைவில்லை.

"ரெண்டு பேரும் டெய்லி போட்டுக்கினு வாங்க" என்று மகள் சொல்லிவிட்டுப் போனாள். போட்டோம், இருவர் எண்ணையும். யாருடையது என்று ஆப் கேட்கவில்லை. கேட்காததால் அதற்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டோம்.

இரண்டு மாதம் கழித்து விழுப்புரத்து டாக்டரம்மா போனை வாங்கிப் பார்த்தார். கோடு மலையும் பள்ளமுமாகக் கிடந்தது. மேலே என் பெயர். சர்க்கரை இப்படி ஆடினால் இனி உங்களுக்கு இன்சுலின் ஊசிதான் என்றார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இதுல என்னுதும் கீதே."

எது யாருடையது என்று டாக்டரம்மா கேட்டார். முதலில் குத்திக்கொள்வது இவள்தான் என்றேன். பால் அடுப்பில் இருந்தால் நீங்கள்தான் முதலில் என்றாள் இவள். இரண்டும் உண்மைதான்.

"அமாவாசையைப் பாருங்கம்மா" என்றாள் மனைவி திடீரென்று. அன்றைக்கு முதல் பஸ்ஸில் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விடுவாள், விரலில் குத்த மாட்டாள். இரண்டு மாதத்தில் வந்த இரண்டு அமாவாசையிலும் ஒரே ஒரு புள்ளி. இரண்டும் தாழ்வாக, ஒழுங்காக இருந்தன.

என்னுடையவை. அப்படியென்றால் மேலே ஏறி நின்றவை? டாக்டரம்மா இருவரையும் லேபுக்கு ரத்தம் கொடுக்க அனுப்பினார்.

கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை. என் எண் குறையட்டும் என்றால் இவளுடையது ஏறும். இரண்டும் குறையட்டும் என்றால் அந்த மலை எங்கிருந்து வந்தது?

"ஊசி எனக்குன்னு வந்தா, நீங்க போட்டு வுடுவீங்களா?" என்றாள்.

தலையாட்டினேன். என் பஞ்சை விட்டுவிட்டு, அவள் கையிலிருந்த பஞ்சை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.