ஒளி வரும் முனையில் சந்தனப் பொட்டு

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தால் அடிக்கடி சாலை மறியல் நடந்துகொண்டிருந்த சமயம். சங்கராபுரத்தில் எங்கள் வீட்டில், காது மந்தமான என் மாமனார் பழைய ஹோம் தியேட்டரில் சத்தமாக வைத்துத்தான் செய்தி கேட்பார். புது டிவியிலோ, ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் இணைப்புதான் இருந்தது. ஹோம் தியேட்டரில் இருந்தது, ஒலியை மின்சாரமாக வாங்கும் பழைய கோஆக்சியல் இணைப்பு. இரண்டையும் சேர்க்கும் கன்வெர்ட்டரும் ஆப்டிகல் வயரும் கள்ளக்குறிச்சியில் வாங்கி வந்தேன்.

மறுநாள் மாட்டினால் சத்தமே வரவில்லை. அன்று பார்த்து மறியல். கொழுந்தனார் பஸ்ஸில் விழுப்புரம் போயிருந்தார். மாமனார், "பஸ்ஸு வுடறாங்களா? இன்னாம்மா சொல்றான் டிவில?" என்று தவித்தார்.

"தியேட்டர் எரிஞ்சி பூட்சி" என்று என் கணவர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து அதைத் திறக்கப் போனார். பிளக் சுவரிலேயே இருந்தது! "ஐயோ, தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

பிறகு கன்வெர்ட்டரிலிருந்து வயரை உருவிப் பார்த்தேன். சிவப்பாக ஒளிர வேண்டிய முனை மஞ்சளாக அடைந்திருந்தது.

"இதுல இன்னா வச்சீங்க?" என்று கணவரைக் கேட்டேன்.

"புதுப் பொருளாச்சேன்னு சந்தனம் வச்சேன். வெளிச்சம் வர்ற எடம்னு நீதான சொன்ன?"

பஞ்சால் துடைத்து மாட்டி, பிளக்கையும் செருகியதும் செய்தி வாசிப்பவரின் குரல் வீடு முழுக்க அதிர்ந்தது. "பஸ்ஸு வுட்டுட்டாங்களாம்மா!" என்று மாமனார் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

இப்போதும் புதுப் பொருள் வந்தால் சந்தனம் வைக்கிறோம், அது வந்த அட்டைப்பெட்டிக்கு.