குங்குமம் வைத்த டோக்கன்

ஆயுத பூஜை வந்தால் அம்மா எதையும் விடமாட்டாள். கலவை மெஷின், கரணை, லாரி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அந்த வருஷம், காண்ட்ராக்டரான என் நைனாவின் டோக்கனுக்கும் வைத்துவிட்டாள். பார்க்க பென்டிரைவ் மாதிரி இருக்கும். நைனாவின் டிஜிட்டல் கையெழுத்து அதற்குள்தான். அது இல்லாமல் டெண்டர் போட முடியாது.

பூஜை முடிந்த வாரமே ஒரு டெண்டர். வரதய்யபாளையம் போகும் வழியில், ஓடைமேல் ஒரு சிறுபாலம். யாரோ கட்டியது இரண்டே மழையில் அடித்துக்கொண்டு போயிருந்தது. "ஒரு தபா நம்ம கட்டிக் காட்டணும்மா" என்று நைனா வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி நாளன்றுதான் டெண்டர் போட உட்கார்ந்தோம். மதியம் மூன்று மணியோடு முடிகிறது.

சத்தியவேட்டு வீட்டில் இருந்தது என் பழைய லேப்டாப் ஒன்றுதான். விண்டோஸைத் தாங்காமல் திணறியதால் லினக்ஸ் போட்டிருந்தேன். முந்தைய டெண்டர்கள் எல்லாம் அதில் போட்டவைதான். அன்று டோக்கனைச் செருகினால், பிரவுசர் 'லைப்ரரியை ஏற்ற முடியவில்லை' என்றது. டோக்கனோடு பிரவுசர் பேசுவதற்கு வேண்டிய ஃபைல் அது. ஃபைல் இருந்த இடத்தில்தான் இருந்தது. டோக்கனை உருவிப் பார்த்தேன். முனையில் குங்குமம் அப்பியிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரும்மா இதுக்குப் பொட்டு வெச்சது? இது இன்னா அம்மிக்கல்லா?"

அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள்.

துடைத்தேன், ஊதினேன், செருகினேன். அதே பதில். பதற்றம் வந்தால் நைனாவுக்குத் தெலுங்கு வந்துவிடும். "ஆயிந்தா? ஆயிந்தா?" என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கும் என் நாற்காலிக்குமாக நடந்தார். ஆகவில்லை நைனா, ஆகவில்லை.

எரிச்சலில் டோக்கனைப் பிடுங்கி மேஜைமேல் போட்டுவிட்டு, வெறுமனே லைப்ரரியை ஏற்றிப் பார்த்தேன். அப்போதும் அதே எரர். டோக்கனே இல்லாதபோதும் வருகிற எரருக்கு டோக்கன்மேல் எப்படிப் பழி போடுவது? அதை மறுபடி செருகி, பிரவுசரை விட்டுவிட்டு, கட்டளை தட்டும் டெர்மினலில் அதே லைப்ரரியைக் கூப்பிட்டேன். டோக்கனுக்குள்ளிருந்து நைனாவின் பெயர் பிசகாமல் வந்து நின்றது.

கோளாறு பிரவுசரில். போன வாரம் நான் செய்த அப்டேட்டில் வந்த புதுப் பிரவுசர், தன் பெட்டிக்குள்ளேயே அடைந்து கிடக்கும் ரகம். வெளியே இருக்கும் லைப்ரரியைத் தொட அதற்கு அனுமதியில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை அப்டேட் செய்யச் சொல்லி யார் அழுதார்கள்? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நான்தான்.

பழைய ரகப் பிரவுசரை இறக்கினேன். நெட் ஊர்ந்தது. நகத்தைக் கடித்துக்கொண்டே பார்த்திருந்தேன். ஒருவழியாக லைப்ரரி ஏறியது. நைனா ஒற்றை விரலால் பின் நம்பரைக் குத்தினார். டெண்டர் போய்ச் சேர்ந்தபோது மூன்றாகச் சில நிமிஷங்களே பாக்கி.

"பாலம் வருதோ இல்லியோ, நம்ம பேரு உள்ள போயிடிச்சி" என்று நைனா உட்கார்ந்தார்.

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. "குங்குமத்தால இல்லம்மா. நான்தான் அப்டேட் பண்ணிக் கெடுத்துட்டேன்."

"அதுக்கு வெச்சது தப்பில்லடி" என்று அம்மா குங்குமச் சிமிழோடு வந்தாள். "அன்னிக்கி உனுக்கு வெக்காம வுட்டன் பாரு, அதான் தப்பு." என் நெற்றியில் அழுத்தி வைத்தாள்.