மாயா வரைந்த படம்

நான் பெங்களூரு ஜோகுபாளையத்தில் இருக்கும் கல்லூரி மாணவி. போன விடுமுறையில் நேபாளத்தின் ஒரு மலைக்கிராமப் பள்ளிக்குத் தன்னார்வலராகப் போய், ஒரு மாதம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தேன். பாடம் எடுத்ததைவிடப் போட்டோ எடுத்ததுதான் அதிகம். பிள்ளைகள் சிரித்தாலும், சாப்பிட்டாலும், தூங்கி விழுந்தாலும் உடனே போனைத் தூக்கிவிடுவேன்.

கிளம்பும் நாளில் மூன்றாம் வகுப்பு மாயா ஒரு தாளைச் சுருட்டி என் கையில் திணித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பிரித்துப் பார்க்காமலே பையில் போட்டேன்.

வீட்டில் அம்மாதான் அதைப் பிரித்தார். என் பச்சை சுடிதார், தோளில் விழும் பின்னல், எல்லாம் அப்படியே வரைந்திருந்தாள் மாயா.

"ஐயே, இது நீயேதான்டி! ஆனா மூஞ்சி எங்க? அங்க போன் தானே இருக்குது!" என்று அம்மா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடம் மாயாவின் போட்டோக்கள் ஏராளம். பலவற்றில் அவள் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொன்னதில் ஒன்றுகூட நினைவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் பெங்களூரிலேயே, ஜீவனஹள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். போன் பையைவிட்டு வெளியே வருவதில்லை.

அந்த மலைக்கு இன்னொரு முறை போக மனம் கிடந்து ஏங்குகிறது. போனாலும் மாயாவுக்கு என்னை அடையாளம் தெரியுமா? என் முகத்தைத்தான் அவள் பார்த்ததே இல்லையே.